வெறிநோயை வெல்லும் வழி

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் மொழி. அச்செல்வத்தைக் காத்துக்கொள்ள நாம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். கொசுவலை கட்டிப் படுக்கிறோம். கை கழுவிய பின்னரே உண்ண அமர்கிறோம். ஆனால் வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பிராணியிடமிருந்தும் நமக்கு நோய் வரலாம் என்பதை எத்தனை முறை எண்ணிப் பார்க்கிறோம்?

மனிதன் ஆடு மாடுகளை வளர்க்கத் தொடங்கிய காலந்தொட்டே அவற்றின் நோய்கள் சிலவும் அவனைத் தொடர்ந்து வந்துள்ளன. மனிதரைத் தாக்கும் தொற்றுநோய்களுள் ஏறத்தாழ 60 விழுக்காடு விலங்குகளிடமிருந்து வரக்கூடியவை என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. எலியின் சிறுநீர் கலந்த மழைநீரில் வெறுங்காலுடன் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். அடைப்பான் நோயால் இறந்த மாட்டை அறுப்பவருக்கு ஆந்த்ராக்ஸ் வரலாம். 2018ஆம் ஆண்டில் நம் அண்டை மாநிலமான கேரளத்தில் பலரைப் பலிகொண்ட நிபா நோயின் கிருமி, பழந்தின்னி வௌவால்களிடம் வாழ்வது.

இவை அனைத்தையும் ஒரே கட்டுரையில் விளக்க இயலாது. ஆகவே நம் தெருவிலேயே திரிவதும், நம் வயதினரையே மிகுதியாகத் தாக்குவதுமான ஒரு நோயைப் பற்றி மட்டும் இங்குக் காண்போம். அதுதான் ரேபிஸ் எனப்படும் வெறிநோய்.

வெறிநோய் என்றால் என்ன?

வெறிநோய் ஒரு வைரஸ் கிருமியால் உண்டாவது. நாய், பூனை, குரங்கு, நரி, கீரி, மாடு முதலிய பாலூட்டிகள் எவற்றுக்கும் இது வரக்கூடும். ஆயினும் மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே பரவுகிறது.

நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் இக்கிருமி இருக்கும். அது கடிக்கும்போதும், எச்சில் பட்ட நகத்தால் பிறாண்டும்போதும், நம் உடலில் உள்ள புண்ணை நக்கும்போதும் கிருமி உள்ளே நுழைகிறது. கண், வாய் ஆகியவற்றின் மெல்லிய சவ்வில் உமிழ்நீர் பட்டாலும் நுழையும். காயமில்லாத தோலின் வழியாக நுழைய அதனால் இயலாது.

பல கிருமிகள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் விரைவாகப் பரவுகின்றன. வெறிநோய்க் கிருமியின் வழி வேறு. அது காயத்தின் அருகிலுள்ள தசையில் சில காலம் தங்குகிறது. பின்னர் நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு, நரம்பின் வழியே தண்டுவடத்தை நோக்கி மெல்ல மெல்ல ஊர்ந்து செல்கிறது. அங்கிருந்து மூளையை அடைகிறது. மூளையில் பல்கிப் பெருகியபின் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்கி வருகிறது. அடுத்த கடியில் அடுத்த உயிரைத் தேடிப் போவதற்கு அது அமைத்துக்கொண்ட பாதை இது.

இந்தப் பயணத்திற்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று மாதங்கள் ஆகின்றன. சிலருக்கு ஒரு வாரத்திலேயே நோய் தோன்றலாம். சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். கடிபட்ட இடம் மூளைக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ, பயணமும் அவ்வளவு குறுகியது. காலில் கடிபட்டவரைவிட முகத்தில் கடிபட்டவருக்கு ஆபத்து மிகுதி. சிறு குழந்தைகள் நாயின் உயரமே இருப்பதால் அவர்களுக்குக் கடி முகத்திலும் தலையிலும் விழுவதுண்டு என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

மூளையை அடைந்த பிறகே நோயின் அறிகுறிகள் வெளிப்படுகின்றன. முதலில் காய்ச்சல், தலைவலி, ஆறிப்போன காயத்தில் மீண்டும் குறுகுறுப்பு ஆகியவை தோன்றும். பின்னர் நோயாளி அமைதியிழப்பார். தண்ணீரை விழுங்க முயன்றால் தொண்டைத் தசைகள் இறுகித் துடிக்கும். தாகம் இருந்தும் தண்ணீரைக் கண்டாலே அஞ்சுவார். இதனால்தான் இந்நோய்க்கு நீர்வெறுப்பு நோய் என்றும் பெயர் உண்டு. வேறு சிலருக்கு இத்தகைய வெறி தோன்றாமல் கைகால்கள் செயலிழந்து போகும்.

அறிகுறி தோன்றிய பின்னர்ப் பிழைத்தவர்களை உலக முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கிருமி மூளையை அடைவதற்குமுன் உரிய மருத்துவம் செய்துகொண்டால் இந்நோய் வராமலே தடுத்துவிட முடியும். கடிபட்ட நாளுக்கும் நோய் வரும் நாளுக்கும் இடையில் நமக்கு அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைப் பயன்படுத்துகிறோமா, வீணாக்குகிறோமா என்பதைப் பொறுத்தே உயிர் பிழைக்கிறது.

மூன்று குழந்தைகளின் கதை

இவ்வுண்மையை விளக்க 1885ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் சிகிச்சை பெற்ற மூன்று குழந்தைகளின் வரலாறே போதும்.

அக்காலத்தில் வெறிநாய் கடித்தால், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுடுவார்கள். 1831ஆம் ஆண்டில் ஆர்புவா என்ற சிற்றூரில் வெறிபிடித்த ஓநாயால் கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறையில் அவ்வாறு சுட்டார்கள். தோல் பதனிடுபவரின் மகனான சிறுவன் ஒருவன் அவ்வூரில் வளர்ந்து வந்தான். அவனே பிற்காலத்தில் விஞ்ஞானி லூயி பாஸ்டர் எனப் புகழ் பெற்றான்.

பாஸ்டர் மருத்துவர் அல்லர், வேதியியல் அறிஞர். வெறிநோய்க் கிருமியை அவரால் கண்ணால் காண முடியவில்லை. அக்கால நுண்ணோக்கிகளுக்கு அது எட்டவில்லை. ஆயினும் நோயுற்ற முயலின் தண்டுவடத்தில் அது இருப்பதை அறிந்தார். அத்தண்டுவடத்தைக் கண்ணாடிக் குடுவையில் தொங்கவிட்டு உலர்த்தினால், நாளுக்கு நாள் அதன் வீரியம் குறைவதைக் கண்டார். மிகவும் வலுவிழந்ததை முதலில் ஊசி வழியாகச் செலுத்தி, நாள்தோறும் சற்று வலுவுள்ளதைச் செலுத்திவந்தால், உடல் எதிர்ப்பாற்றலைப் பெறும் என்று நாய்களிடம் சோதித்து அறிந்தார்.

முதல் குழந்தை ஜோசப் மைஸ்டர், வயது ஒன்பது. ஜூலை 4ஆம் நாள் வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்தது. அவன் தாய் அவனை அழைத்துக்கொண்டு பாரீசுக்கு ஓடினாள். ஜூலை 6ஆம் நாள், அதாவது இரண்டே நாளில், பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. பாஸ்டர் மருத்துவர் அல்லராதலால், கிராஞ்சே என்ற மருத்துவர் ஊசி போட்டார். பதின்மூன்று ஊசிகளுக்குப் பிறகு சிறுவன் நலமுடன் வீடு திரும்பினான். அந்த ஜூலை 6ஆம் நாளே இன்று விலங்குவழி நோய்களுக்கான உலக நாளாக நினைவுகூரப்படுகிறது.

இரண்டாவது, ழான் பாப்திஸ்த் ழூப்பீய் என்ற ஆட்டிடையன். நம்மைப்போலவே பதினைந்து வயது. அக்டோபர் மாதம் ஒருநாள் வெறிநாய் ஒன்று மேய்ச்சல் நிலத்தில் சிறுவர்களை நோக்கிப் பாய்ந்தது. மற்றவர்களைத் தப்பவிட்டுத் தான் ஒருவனாக அதை எதிர்த்தான். சாட்டையால் அதன் வாயைக் கட்டி, தன் மரச்செருப்பாலேயே அதை அடித்து வீழ்த்தினான். கைகளெல்லாம் காயம். கடிபட்ட ஆறாம் நாள் அவனுக்குச் சிகிச்சை தொடங்கியது. அவனும் பிழைத்தான். பாரீசில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் அவன் நாயோடு போராடும் சிலை இன்றும் நிற்கிறது.

மூன்றாவது, லூயிஸ் பெல்த்தியே என்ற பத்து வயதுச் சிறுமி. அவளுக்குக் கடி தலையில். ஆனால் அவளைப் பாஸ்டரிடம் கொண்டுவந்தபோது 37 நாட்கள் கடந்துவிட்டிருந்தன. காலம் தாழ்ந்துவிட்டது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் பெற்றோரின் கண்ணீரைக் கண்டு மறுக்க இயலாமல் ஊசி போட்டார். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் அச்சிறுமி இறந்தாள்.

மூவருக்கும் மருந்து ஒன்றே, மருத்துவரும் அவர்களே. இரண்டு நாள், ஆறு நாள், முப்பத்தேழு நாள் என்ற கால வேறுபாடும், கடி தலையில் விழுந்ததும் லூயிசின் உயிரைப் பறித்தன. இந்த மூன்று எண்களை நாம் மறவாதிருந்தால் இந்நோயைப் பற்றி அறியவேண்டியதில் பாதியை அறிந்தவர்கள் ஆவோம்.

நம் நாட்டில்

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் தொடங்கப்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் செல்லவேண்டியிருந்தது. 1902ஆம் ஆண்டில் தென்னாட்டில் ஓர் ஆங்கிலப் பெண்மணி வெறிநோயால் இறந்தார். அதன்பின் தெற்கிலும் இத்தகைய நிறுவனம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் அளித்த நன்கொடையின் உதவியால் 1907ஆம் ஆண்டில் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. சிம்ஸ் பூங்காவைக் காணச் செல்வோர் அருகிலேயே அந்தச் செந்நிறக் கட்டடத்தையும் காணலாம்.

1911ஆம் ஆண்டில் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் புதிய வகைத் தடுப்பு மருந்தைக் கண்டறிந்தார். ஆட்டின் மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று அது தயாரிக்கப்பட்டது. அதை ஊர்தோறும் உள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைக்க முடிந்ததால் பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் அதை வயிற்றில் நாள்தோறும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. "தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி" என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான். வலி மிகுந்தது, சிலருக்குப் பக்க விளைவாக நரம்புத் தளர்ச்சியும் உண்டாயிற்று.

அந்த ஊசி இப்போது இல்லை. 2004ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இப்போது உயிரணுக்களில் வளர்த்துத் தயாரிக்கும் தூய தடுப்பூசியையே போடுகிறார்கள். அதைப் போடுவது மேற்கையில். சிறு குழந்தைகளுக்குத் தொடையில். வயிற்றில் போடுவதே இல்லை. தசையில் போடுவதாயின் முதல் ஊசி போட்ட நாளைச் சுழி எனக் கொண்டு 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில் ஐந்து ஊசிகள். தோலுக்குள் சிறிதளவாகப் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்களில் நான்கு முறை செல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது.

பழைய ஊசி போய்விட்டது. அதைப் பற்றிய அச்சம் மட்டும் போகவில்லை.

ஏன் மறைக்கிறோம்?

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நம் நாட்டிலும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோர் இறக்கின்றனர். உலகில் வெறிநோய்க்குப் பலியாவோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள். மருந்து கண்டுபிடித்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஏன் இந்த நிலை?

மருத்துவமனை தொலைவில் இருப்பதும், வறுமையும், அறியாமையும் காரணங்கள் என்பது உண்மையே. ஆனால் நம்மைப் போன்ற பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. இக்கட்டுரைக்காக எங்கள் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டோம்: "நாயோ பூனையோ கடித்தோ பிறாண்டியோ, அதை வீட்டில் சொல்லாமல் இருந்தவர் யார்?" முதலில் எல்லோரும் சிரித்தனர். பிறகு ஒரு கை உயர்ந்தது. அதைப் பார்த்து மற்றொன்று, பின்னர் மற்றொன்று.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "தெருநாயோடு உனக்கென்ன விளையாட்டு என்று அம்மா அடிப்பார்களே" என்றாள் ஒருத்தி. "வயிற்றில் ஊசி போடுவார்கள் என்று பயம்" என்றாள் இன்னொருத்தி. "சின்னக் கீறல்தானே, இரத்தமே வரவில்லை" என்றாள் வேறொருத்தி. "நான் சொல்லியிருந்தால் எங்கள் தெரு ஆட்கள் அந்த நாயை அடித்தே கொன்றிருப்பார்கள், அது குட்டி போட்டிருந்தது" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு தோழி மெல்லச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

இக்காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம். வயிற்றில் ஊசி இல்லை என்பதை மேலே கண்டோம். இரத்தம் வராத கீறலாயினும் தடுப்பூசி தேவை என்பது மருத்துவர் விதி. நாயைக் கொல்லத் தேவையில்லை. அதைக் கட்டிவைத்தோ தொலைவிலிருந்தோ பத்து நாட்கள் கவனித்தால் போதும். கடித்தபோது அதன் உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால் அது பத்து நாட்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். பத்து நாட்கள் கழிந்தும் நலமாக இருந்தால் அந்தக் கடியால் நமக்கு நோய் வராது என்று அறியலாம். ஆனால் அந்தப் பத்து நாட்களும் காத்திருந்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போகக்கூடாது. ஊசியை உடனே தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும். நாய் நலமாக இருப்பது தெரிந்தால் எஞ்சிய ஊசிகளைப் பற்றி மருத்துவரே முடிவு செய்வார்.

அடிக்குப் பயந்து மறைப்பதற்கு மட்டும் எங்களால் விடை கூற இயலாது. அது பெற்றோர் கையில் இருக்கிறது. இம்மலரைப் படிக்கும் பெற்றோரிடம் நாங்கள் பணிவுடன் வேண்டுவது இதுவே: உங்கள் பிள்ளை கடிபட்டு வந்து நின்றால், முதலில் காயத்தைக் கழுவுங்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்டிக்க வேண்டுமானால் ஊசி போட்ட பிறகு கண்டிக்கலாம். ஒருமுறை அடிபட்ட பிள்ளை மறுமுறை வாய் திறக்காது.

கடித்தவுடன் செய்யவேண்டியவை

1. காயத்தை உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடங்கள் நன்கு கழுவவேண்டும். இது எளிய செயலாகத் தோன்றினாலும் பெரும் பயனுடையது. வெறிநோய்க் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான உறை உள்ளது. எண்ணெய்ப் பாத்திரத்தின் பிசுக்கைச் சோப்பு கரைப்பதுபோல் அவ்வுறையையும் கரைத்துக் கிருமியை அழிக்கிறது. நரம்பை எட்டுவதற்கு முன்பே கிருமிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிடும். குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்ற, மற்றவர் கழுவலாம். எந்தச் சோப்பாயினும் சரி.

2. கழுவிய பின் கிருமிநாசினி இருந்தால் தடவலாம்.

3. அன்றே மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை, தேர்வு எதுவும் காரணமாகக் கூடாது.

4. தோலைக் கிழித்த ஆழமான கடியாயின் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் மருந்தையும் காயத்தினுள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள். தடுப்பூசியால் நம் உடல் தானாக எதிர்ப்பொருளைத் தயாரிக்க ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை காவல் நிற்கும் இரவல் படை இது. இது தேவையா என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்கக்கூடாது.

5. குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்கவேண்டும். காயம் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்துவது பேராபத்து. நாட்களை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவைப்பது நல்லது.

6. பல நாட்கள் மறைத்துவிட்டாலும், நினைவு வந்த அன்றே சென்று சொல்லவேண்டும். அறிகுறி தோன்றாதவரையில் காலம் முற்றும் கடந்துவிடவில்லை.

செய்யக்கூடாதவை

1. காயத்தில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள், எண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றை வைக்கக்கூடாது. இவை காயத்தை எரித்துப் புண்ணாக்கும், கிருமியைக் கொல்லமாட்டா.

2. சூடு போடுவதும் காயத்தை இறுகக் கட்டுவதும் கூடாது. தையல் போடுவது பற்றி மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

3. மந்திரித்தல், தாயத்துக் கட்டுதல் ஆகியவற்றை நம்பி நாளை வீணாக்கக்கூடாது. மந்திரித்தபின் பிழைத்தவர்கள் பலர் உண்டே எனலாம். கடித்த நாய்க்கு நோய் இல்லாதிருந்ததே அவர்கள் பிழைத்ததற்குக் காரணம்.

4. "குட்டிநாய்தானே", "எங்கள் வீட்டு நாய்தானே" என்று அலட்சியம் செய்யக்கூடாது. குட்டிக்கும் வெறிநோய் வரும்.

5. ஊசி போடும் நாட்களில் பத்தியம் இருக்கவேண்டும் என்ற எண்ணம் தேவையற்றது. வழக்கமான உணவை உண்ணலாம். கருவுற்ற தாய்மாரும் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளலாம்.

கடிபடாமல் இருக்க

உண்ணும்போதும், உறங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் நாயின் அருகில் செல்லக்கூடாது. வாலை இழுப்பதும் கல்லால் அடிப்பதும் கூடாது. நாய் துரத்தினால் ஓடுவது நம் இயல்பு. ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. ஆகவே அசையாமல் மரம்போல் நிற்கவேண்டும். அதன் கண்ணை உற்றுநோக்கக்கூடாது. பெரும்பாலும் அது முகர்ந்துவிட்டுச் சென்றுவிடும். கீழே விழ நேர்ந்தால் உடலைச் சுருட்டிக்கொண்டு, காதுகளையும் கழுத்தையும் கைகளால் மூடிக்கொள்ளவேண்டும்.

காரணமின்றிக் கண்டதைக் கடிக்கும் நாய், குரல் மாறிய நாய், வாயில் எச்சில் ஒழுகத் தள்ளாடி நடக்கும் நாய், கீழ்த்தாடை தொங்கிய நாய் ஆகியவற்றைக் கண்டால் விலகிச் சென்று பெரியவர்களிடம் தெரிவிக்கவேண்டும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று இரக்கப்பட்டு அதன் வாயில் கையை விடுவது பேராபத்து.

நோயை வேரறுக்கும் வழி

கடிபட்ட மனிதருக்கு ஊசி போடுவது ஓர் உயிரைக் காக்கும். நாய்க்கு ஊசி போடுவது ஊரையே காக்கும். ஓர் ஊரில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டிற்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால், கிருமி ஒரு நாயிலிருந்து மற்றொன்றிற்குத் தாவ வழியின்றி அழிந்துபோகும் என்று அறிஞர் கண்டுள்ளனர். தெருநாய்களை அடித்துக் கொல்வதால் இப்பயன் விளைவதில்லை. கொன்ற இடத்தில் வேறு தெருவிலிருந்து ஊசி போடாத நாய்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. ஊசி போட்ட நாய் ஊருக்கு ஒரு வேலி.

இது நடக்கக்கூடியதே. மெக்சிகோ நாடு நாய்களுக்கு ஆண்டுதோறும் இலவசமாகத் தடுப்பூசி போட்டு, நாய்வழி வெறிநோயால் மனிதர் இறப்பதை ஒழித்தது. 2019ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அதை உறுதிசெய்தது. இச்சிறப்பைப் பெற்ற முதல் நாடு அதுவே. நம் நாட்டில் கோவா மாநிலம் பல்லாயிரக்கணக்கான நாய்களுக்கு ஊசி போட்டு, 2021ஆம் ஆண்டில் வெறிநோய் கட்டுப்பாட்டு மாநிலம் என அறிவிக்கப்பட்டது. அங்குப் பள்ளி மாணவர்களுக்கும் நாய்க்கடி பற்றிக் கற்பித்தனர். 2030ஆம் ஆண்டிற்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு 2021 செப்டம்பர் 28ஆம் நாள் வெளியிட்டது. அது பாஸ்டரின் நினைவு நாள். உலக வெறிநோய் தினமும் அதுவே.

நாமும் இதில் பங்கு பெறலாம். வீட்டு நாய்க்கு மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது முதல் ஊசியும், பின்னர்க் கால்நடை மருத்துவர் கூறும் காலத்தில் மறு ஊசியும் போடச் செய்யலாம். தெருவில் நாம் சோறு வைத்துப் பழக்கிய நாயையும் ஊசி போடும் நாளில் அழைத்துச் செல்லப் பெரியவர்களுக்கு உதவலாம். தெருநாய்க்கு அருகில் யாரும் போக முடியாதபோது, அதற்குச் சோறு வைப்பவர் அழைத்தால் அது வந்து நிற்கும். குப்பையைத் தெருவில் கொட்டாமல் தொட்டியில் இட்டால் நாய்கள் கூட்டமாகத் திரள்வதும் குறையும்.

முடிவுரை

நாய் நன்றியுள்ள பிராணி. அது தன் நோயைத் தானே அறியாது; அதைத் தடுத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. அறிந்தவர்கள் நாம். ஆகவே அதையும் காத்து நம்மையும் காத்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையதே.

அன்புத் தோழியரே! உங்கள் தம்பி தங்கையர் மாலையில் தெருவிலிருந்து திரும்பும்போது அவர்கள் கைகால்களை ஒருமுறை பாருங்கள். ஏதேனும் கீறல் தென்பட்டால் அதட்டாமல் கேளுங்கள். அம்மாவிடம் சொல்ல அஞ்சுவார்கள், அக்காவிடம் சொல்லிவிடுவார்கள். சொன்னவுடன் குழாயடிக்கு அழைத்துச் சென்று சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவுங்கள். பிறகு நீங்களே உடன் நின்று அம்மாவிடம் சொல்லுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் புறப்படச் செய்யுங்கள். இரண்டாம் நாள் வந்த ஜோசப் பிழைத்தான்; முப்பத்தேழாம் நாள் வந்த லூயிஸ் பிழைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளை முதல் நாளே போகட்டும்.